"அழுதால் வந்து கூட்டிக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. மே மாதம் ஒரு மடத்தில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் திருமுறை (தேவாரம் முதலிய சிவன் பாட்டுகள்) முகாம் நடத்துகிறார்கள். அங்கேயே தங்க வேண்டும். செல்போன் கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் பொறுப்பாளரின் போனில் இரண்டு நிமிடம் பேசலாம். இருவரையும் அனுப்ப வேண்டும் என்பது என் மாமனாரின் ஆசை. "எங்க அப்பச்சி பதினாலு வயசுல பர்மாவுக்குக் கப்பல் ஏறினாக. இவன் பத்து நாள் இருக்க மாட்டானா?" என்கிறார். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். மகன் ஒரு ராத்திரிகூட என்னை விட்டு இருந்ததில்லை. தேவகோட்டையில் என் அம்மா வீட்டுக்குப் போனாலும் நான் கூட இருக்க வேண்டும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் படுக்கையை நனைத்துவிடுகிறான். இது மாமனாருக்கே தெரியாது. மகள் பெரியவளாகி ஆறு மாதம்தான் ஆகிறது. "பாட்டு மறந்துபோனா சாமி கண்ணைக் குத்துமா?" என்று மகன் வேறு கேட்கிறான். அனுப்பலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் அதைப் பிரித்துக்கொள்கிறேன். "அக்கா கூடத்தானே இருப்பா" என்று சேர்த்து அனுப்பினால், உங்கள் மகள் பத்து நாளும் பாட்டுப் படிக்கப் போனவளாக இருக்க மாட்டாள், தம்பியைப் பார்த்துக்கொள்ளப் போனவளாகத்தான் இருப்பாள். அதோடு ராத்திரியில் ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் தனித்தனியாகத்தான் படுக்க வைப்பார்கள். அவனுக்கு அக்கா தேவைப்படுகிற நேரத்தில் அவள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.

என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளுக்குப் போக ஆசை இருந்தால், கீழே சொல்கிற விஷயங்களை நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள். மகன் விஷயத்தில் இன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம். மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அவன் நீங்கள் இல்லாமல் தூங்கப் பழகுகிறானா என்று பாருங்கள். பழகினால் போகட்டும். பழகவில்லை என்றால், பகலில் மட்டும் வந்து போக மடத்தில் அனுமதி கேளுங்கள், அதுவும் இல்லையென்றால் அடுத்த வருடம். ஒன்பது வயதில் ஒரு முகாம் தவறிப்போனதால் எந்தப் பிள்ளைக்கும் குறை வந்துவிடாது.

உங்கள் மாமனார் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். இந்தப் பக்கத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் கதை கேட்டு வளராத வீடு ஏது? ஆனால் அந்தக் கதையை முழுதாகக் கேட்க வேண்டும். பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகுகிற சின்னப் பையனாகப் போனவர்கள் முன்பின் தெரியாத இடத்துக்குப் போகவில்லை. சொந்தத்தில் ஒருவர், அல்லது ஊர்க்காரர் ஒருவர் நடத்துகிற கடைக்குப் போனார்கள். அங்கே மேலாள் யார், அடுத்தாள் யார் என்று கிளம்பும்போதே தெரியும். வாய்ப்பாடும் வட்டிக் கணக்கும் வீட்டிலேயே பழகிக்கொண்டுதான் போனார்கள். பதினாலு வயதும் ஒன்பது வயதும் ஒன்றல்ல என்பது இருக்கட்டும், அந்தப் பையன்களுக்குக் கிடைத்த பழக்கம் உங்கள் மகனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. மாமாவிடம் மறுத்துப் பேசாதீர்கள். "அப்பச்சி கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி என்னென்ன பழகிக்கிட்டுப் போனாக?" என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்குவார். "அதே மாதிரி இவனையும் நீங்களே பழக்கிவிடுங்க" என்று பொறுப்பை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆசைப்படுகிறவர் அவர், பையனைத் தயார் செய்யும் வேலையிலும் அவருக்குப் பங்கு இருக்கட்டும்.

எப்படிப் பழக்குவது? முதலில் சொந்த வீட்டிலேயே. உங்கள் அறையை விட்டு அவன் வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய இடத்தில்) ஐயாவுக்கு, அதாவது உங்கள் மாமனாருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கட்டும். ஒரு வாரம் ஆகட்டும், பத்து நாள் ஆகட்டும். நடுராத்திரி எழுந்து உங்களிடம் வந்தால் திட்டாமல் திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள். அது பழகிய பிறகு தேவகோட்டையில் ஆயா (உங்கள் அம்மா) வீட்டில் இரண்டு ராத்திரி. கொண்டுபோய் விட்டுவிட்டு நீங்கள் திரும்பிவிட வேண்டும். முதல் ராத்திரி போனும் வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால்தான் அடங்கியிருந்த அழுகை பொங்கும். மறுநாள் காலையில் அவனாகப் பேசட்டும். மூன்றாவதாக, அவ்வளவு நெருக்கமில்லாத ஒரு வீடு. அத்தை வீடோ, சித்தப்பா வீடோ, அங்கே ஒரு ராத்திரி. இந்த மூன்றும் முடிந்து அவன் முகம் தெளிவாக இருந்தால் முகாமுக்குத் தயார் என்று நான் தைரியமாகச் சொல்வேன். போன வருடம் ஐயாவோடு குன்றக்குடிக்கு நடந்தே போய் வந்தானே என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். கூட்டத்தோடு பகலில் நடப்பதை வைத்து, ராத்திரி தனியாகத் தூங்குவானா என்று சொல்ல முடியாது.

இனி, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. "பிடிக்கலைன்னா சொல்லு, அம்மா உடனே வந்து கூட்டிக்கிட்டு வந்துடுறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். பாசத்தில் எல்லாத் தாயும் சொல்வதுதான். நானும் சொன்னேன்.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. ஐந்து நாள் முகாம். வாசலில் அவள் முகம் வாடியதைப் பார்த்து, "ராத்திரி போன் பண்ணு, அப்பா ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க" என்றேன். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கே போன் வந்தது. கொடுத்த வாக்கை மீற முடியாமல் போய்க் கூட்டி வந்தோம். காரில் அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவள், "நான் இருக்க மாட்டேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்டாள். மருத்துவம் படித்த எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, நான் கொடுத்த ஆறுதலுக்குள் "உன்னால் முடியாது" என்ற சொல் இருந்திருக்கிறது என்று. இரண்டு வருடம் அவள் எங்கேயும் தங்கப் போகவில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2007இல் இந்த வீட்டு ஏக்கத்தைப் பற்றியே தனியாக ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. பிள்ளையையும் முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே வெளியில் தங்கிப் பழக்குங்கள், கூட்டிக்கொண்டு வந்துவிடுவதாகப் பேரம் பேசாதீர்கள் என்று அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது என் மகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்படியானால் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்லுங்கள். "முதல் ஒன்றிரண்டு நாள் வீட்டு ஞாபகம் வரும். ராத்திரி ரொம்ப வரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அழுகை வந்தா அழலாம், தப்பில்லை. அழுதுட்டு முகம் கழுவிக்கிட்டு பக்கத்துல இருக்கிற அண்ணன்கிட்டப் போய் உட்கார்ந்துக்கோ." இவ்வளவு போதும். நாள் எண்ணத் தெரிந்தால் பிள்ளைகளுக்குத் தெம்பு வரும். ஒரு சின்ன அட்டையில் பத்துக் கட்டம் போட்டுக் கொடுங்கள், தினமும் ஒன்றை அடித்துக்கொண்டு வரட்டும்.

இன்னொன்றும் செய்யலாம். அவன் படிக்கப் போவது தேவாரம்தானே? அதில் முதலில் நிற்கிற சம்பந்தர் எப்படிப் பாடத் தொடங்கினார் என்று ஐயாவைச் சொல்லச் சொல்லுங்கள். சீர்காழிக் குளத்தில் அப்பா தண்ணீருக்குள் மூழ்கினார். கரையில் நின்ற மூன்று வயதுப் பிள்ளை அப்பாவைக் காணோம் என்று கோயில் சிகரத்தைப் பார்த்து "அம்மே, அப்பா" என்று அழுதது. அந்த அழுகைக்குத்தான் பால் கிடைத்தது, பாட்டும் வந்தது. அழுததற்காக அந்தப் பிள்ளையை யாரும் கோழை என்று சொல்லவில்லை. முகாமில் அழுகை வரும்போது உங்கள் மகனுக்கு இந்தக் கதை துணைக்கு இருக்கும். முகாம் ஆசிரியர்களிடமும் இதை நினைவுபடுத்தலாம். "சாமி சந்நிதியில அழக்கூடாது" என்று பிள்ளையை அதட்டுகிறவர்களுக்கு, அவர்கள் சொல்லிக்கொடுக்கிற பாட்டின் வரலாற்றையே எடுத்துச் சொல்ல வேண்டியதுதான்.

வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றேனே தவிர, என்ன நடந்தாலும் விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரோடும் பேசாமல் ஒதுங்கியே இருக்கிறான் என்று தெரிந்தால் போய்க் கூட்டி வாருங்கள். கூட்டி வந்த பிறகு "நாலு நாள் இருந்தியே, பெரிய விஷயம்" என்றுதான் பேச்சு இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலும் அப்படியே. நம் பக்கத்தில் "பிள்ளை ஏங்கிப்போச்சு, ஏக்கத்துல காய்ச்சல்" என்று சொல்லி விபூதி பூசி விட்டுவிடுவார்கள். ஏக்கத்தில் வயிறு வலிக்கும், தலை வலிக்கும், அது நடிப்பல்ல, நிஜமான வலி. ஆனால் தெர்மாமீட்டரில் 101 காட்டினால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது, மருத்துவர் பார்க்க வேண்டும். இதை முகாம் பொறுப்பாளரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

அடுத்து, நீங்கள் மாமனாரிடம்கூட மறைத்து வைத்திருக்கிற விஷயம். அம்மா, இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. பத்து வயதிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பிள்ளைகள் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறார்கள், ஆண் பிள்ளைகள்தான் அதிகம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடும். சிலருக்கு ராத்திரியில் சிறுநீர் அதிகமாகச் சுரக்கும், சிலருக்கு நிரம்பியது தெரியாத அளவுக்கு ஆழ்ந்த தூக்கம். சோம்பலோ திமிரோ காரணம் இல்லை. முதலில் மலச்சிக்கல் இருக்கிறதா என்று கவனியுங்கள். குடலில் மலம் தேங்கிச் சிறுநீர்ப்பையை அழுத்தினாலே இது வரும், அதைச் சரிசெய்தாலே பல பிள்ளைகளுக்குக் குறைந்துவிடும். பகலில் நிறையத் தண்ணீர், சாயங்காலத்துக்குப் பிறகு அளவாக, படுக்கும் முன் கட்டாயம் ஒருமுறை சிறுநீர் போவது. வெயிலைச் சாக்கிட்டு ராத்திரி சொம்பு சொம்பாகக் குடிப்பதும், இதற்குப் பயந்து பகலில் குடிக்காமலே இருப்பதும் இரண்டுமே வேண்டாம்.

முகாம் மாதிரி சில நாட்களுக்கு மட்டும் உதவுகிற மாத்திரை இருக்கிறது. டெஸ்மோபிரெசின் என்று பெயர். குழந்தை மருத்துவர் பையனைப் பார்த்து, எழுதிக் கொடுத்தால்தான் அதைக் கொடுக்கலாம். போட்ட பிறகு அந்த ராத்திரி தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது, மீறினால் ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கி ஆபத்தாகிவிடும். அதனால் முகாமுக்குச் சில வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும், அங்கே பொறுப்பான ஒரு பெரியவர் கையில்தான் மாத்திரை இருக்க வேண்டும். முதல் தடவையாக அதை முகாமில் போட வைக்காதீர்கள்.

மாத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பையன்கள் படுக்கும் கூடத்தில் இருக்கிற பெரியவர் ஒருவருக்கு இந்த விஷயம் தெரிந்தாக வேண்டும். ஒருவருக்குத் தெரிந்தால் போதும், எல்லோருக்கும் தெரிய வேண்டாம். கழிப்பறைக்குப் பக்கத்தில் படுக்கை, ராத்திரி பதினொரு மணிக்கு ஒருமுறை எழுப்பிவிடுவது, நனைந்துவிட்டால் மற்ற பிள்ளைகள் எழுவதற்கு முன்பே சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ள உதவுவது, இவ்வளவுதான் அவர் செய்ய வேண்டியது. பெட்டியில் அடர்ந்த நிறத்தில் நாலைந்து கால்சட்டை, ஒரு ரப்பர் ஷீட், ஈரத் துணி போட ஒரு பிளாஸ்டிக் பை வையுங்கள். எதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பையனுக்கே கையால் எடுத்துக் காட்டுங்கள். நீங்கள் சொன்னதும் அந்தப் பெரியவர் முகம் சுளித்தாலோ, "நாலு பேர் முன்னாடி சொன்னாத் தன்னால நிக்கும்" என்று பேசினாலோ அங்கே மகனை அனுப்ப வேண்டாம். நாலு பேர் முன்னால் அவமானப்பட்டு இது நின்ற பிள்ளையை இருபது வருடத்துக்கு மேலான வைத்தியத்தில் நான் பார்த்ததில்லை. பேசுவதையே குறைத்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மாமாவிடமும் சொல்லிவிடுங்கள். வளவில் அவர் பக்கத்தில் படுக்கப் போகிறான், எப்படியும் தெரிந்துவிடும். நீங்களே முந்திக்கொண்டு சொன்னால், பையனை அவர் பேசிவிடாமல் காப்பாற்றலாம்.

மகளுக்கு வருவோம். பெரியவளாகி ஆறு மாதம் என்றால் நாள் இன்னும் ஒழுங்குக்கு வந்திருக்காது. முதல் இரண்டு வருடம் அப்படித்தான், 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். "இப்பத்தானே முடிஞ்சது, வராது" என்று நம்பி அனுப்பாதீர்கள். பத்து நாளுக்கும் வேண்டிய நாப்கின் அவள் பையில் இருக்கட்டும். கோயில் காரியம் என்றதும் தள்ளிப்போட மாத்திரை கேட்டு என்னிடம் வருகிற தாய்மார்கள் உண்டு. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது வேண்டவே வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு நீங்களாக வாங்கியும் கொடுக்காதீர்கள்.

மடத்தில் ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: "அந்த நாளில் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வீர்கள்?" சந்நிதிக்கு வர வேண்டாம் என்பது அவர்கள் வழக்கமாக இருக்கலாம். உங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் இருந்தால் மகளுக்கு அது புதிதும் இல்லை. ஆனால் பாட்டு வகுப்பில் உட்காரலாமா, மற்ற பெண்களோடு சாப்பிடலாமா, அதே கூடத்தில் படுக்கலாமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வர வேண்டும். தனியாக ஒரு அறையில் மூன்று நாள் உட்கார வைப்போம் என்றால், எனக்குச் சம்மதமில்லை. வீட்டை விட்டு வந்த இடத்தில் தனியே ஒதுக்கப்படுகிற பெண் பிள்ளை, தன் உடம்பையே வெறுக்கத் தொடங்கிவிடுவாள். நாப்கினை எங்கே போடுவது, ராத்திரி கழிப்பறைக்கு வெளிச்சம் இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, இவற்றை நீங்களே போய்ப் பாருங்கள். எந்த அக்காவிடம் இதைச் சொல்லலாம் என்று மகளுக்கு அவரை நேரில் அறிமுகம் செய்துவையுங்கள்.

இனிச் சொல்லப்போவது எழுதவே மனம் கனக்கிற விஷயம், ஆனாலும் எழுதத்தான் வேண்டும். மடம், கோயில், சாமி காரியம் என்றதும் நாம் கேள்வி கேட்பதை விட்டுவிடுகிறோம். பெரியவர்கள் காலில் விழு, சொன்னதைக் கேள், எதிர்த்துப் பேசாதே என்று சொல்லித்தான் பிள்ளையை அனுப்புகிறோம். பிள்ளைகளிடம் தவறாக நடக்க நினைக்கிறவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனதோடு, ஒரு காசு வாங்காமல் பிள்ளைகளுக்காக உழைக்கிற ஓதுவார்களையும் தொண்டர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் நீங்கள் கேட்கிற கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். பிள்ளைகள் தூங்கும் கூடத்தில் பெரியவர்கள் எத்தனை பேர்? ஒரே ஒருவர் மட்டும் இருப்பாரா? பெண் பிள்ளைகள் பக்கம் பெண்கள்தான் இருப்பார்களா? எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையை மட்டும் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிடக்கூடாது என்று விதி இருக்கிறதா? குளிப்பது எங்கே, மேற்பார்வை யார்? வெளியாட்கள் யார் யார் வந்து போவார்கள்?

பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து இப்படிச் சொல்லுங்கள்: "பெரியவங்க சொன்னா கேக்கணும். ஆனா உன் உடம்பை யாராவது தொட்டு உனக்குப் பிடிக்கலைன்னா, அது சாமியாரா இருந்தாலும் சரி, வாத்தியாரா இருந்தாலும் சரி, கூடப் படிக்கிற பெரிய அண்ணனா இருந்தாலும் சரி, வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து வந்துடு. அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு யாராவது சொன்னா, அதை முதல்ல அம்மாகிட்ட சொல்லணும். சாமி கோவிச்சுக்காது, நானும் கோவிச்சுக்க மாட்டேன்." இதைப் பயமுறுத்துகிற குரலில் சொல்ல வேண்டாம். சாலையைக் கடக்கச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லுங்கள்.

இரண்டு நிமிடப் போனில் பொறுப்பாளர் பக்கத்திலேயே நிற்பார் அல்லவா? அதனால் வீட்டுக்குள் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். "கந்தரப்பம் சாப்பிடணும் போல இருக்கும்மா" என்று மகள் சொன்னால் "உடனே வா" என்று அர்த்தம், இப்படி ஏதாவது ஒன்று. வீட்டு ஞாபகத்துக்கு இந்த வார்த்தை கிடையாது, பயமாக இருக்கிறது, யாரோ ஏதோ செய்கிறார்கள் என்றால் மட்டும்தான் என்று பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் வண்டியை எடுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, எந்த நேரமும் பேசலாம். இருவருக்கும் மனப்பாடம் ஆகட்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, மத நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவரோ வேலை பார்ப்பவரோ அங்கே வந்த பிள்ளையிடம் இந்தக் குற்றத்தைச் செய்தால் அதற்குக் கூடுதல் தண்டனை உண்டு. தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பதும் குற்றம்தான். "மடத்துப் பேர் கெட்டுப்போகும்" என்று யாராவது சமாதானம் பேச வந்தால் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தில் ஊருணியோ கோயில் குளமோ கிணறோ இருந்தால், பிள்ளைகளை அதில் குளிக்க விடுவார்களா என்று கேளுங்கள். விடுவோம் என்றால், உங்கள் பிள்ளைகள் குழாயடியில்தான் குளிப்பார்கள் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் தண்ணீருக்குப் பறிகொடுத்த வீடுகளுக்குப் போய் வந்தவள் நான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பத்து நாள் ரசமும் மோருமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, வீட்டில் தொடாத காயைக்கூடப் பந்தியில் உட்கார்ந்தால் பிள்ளைகள் சாப்பிட்டுவிடுவார்கள். வெயில்தான் கவனிக்க வேண்டியது, கத்திரி நேரம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கிடைக்கிறதா, கூடத்தில் மின்விசிறி ஓடுகிறதா, மதியம் வெயிலில் அலைய விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பையில் நாலு ஓஆர்எஸ் பொட்டலம் போடுங்கள்.

மகன் கேட்ட கேள்வியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எனக்கு அதுதான் பெரிய கேள்வி. "பாட்டு மறந்துபோனா சாமி கண்ணைக் குத்துமா?" யாரோ அவனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலேயே, விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்புவான். பகலில் விளையாட்டில் மறந்துவிடுவான், ராத்திரி இருட்டில் புது இடத்தில் படுக்கும்போது நினைவுக்கு வரும். "குத்தாதுடா, பாட்டு மறந்தா அடுத்த வரியை ஐயாகிட்ட கேட்டுக்கலாம்" என்று உங்கள் வாயால் அவன் கேட்க வேண்டும். ஐயா வாயாலும் கேட்டால் இன்னும் நல்லது. மடத்தில் பாடம் எடுக்கப் போகிறவரிடமும், "பிள்ளை மனப்பாடம் பண்ணலைன்னா என்ன செய்வீர்கள்?" என்று விசாரியுங்கள். "மறுபடி பாடச் சொல்வோம்" என்றால் அவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். பயமுறுத்தியும் தோப்புக்கரணம் போடவைத்தும் கற்றுக்கொடுக்கிறவரிடம் படித்தால் பாட்டு ஞாபகம் இருக்கலாம், பாட்டின் மேல் பிரியம் இருக்காது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அனுப்புகிற தாய்மார்களும், கோடையில் மதரசாவுக்கு அனுப்புகிற தாய்மார்களும் இதே விஷயத்தை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் சொன்னது இதுதான்.

பயம் போக இன்னொரு வழி, அங்கே போவதற்கு முன்பே ஒன்றிரண்டு பதிகம் அவனுக்குத் தெரிந்திருப்பது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஐயாவும் பேரனும் உட்கார்ந்து தினம் இரண்டு வரி. புது இடத்தில், புது முகங்களுக்கு நடுவில், "இது எனக்குத் தெரியுமே" என்று ஒரு பாட்டு வரும்போது பிள்ளைக்கு வருகிற தெம்பு பெரியது. ஒருவேளை இந்த மே மாதம் அவன் போகவில்லை என்றாலும், மாமாவின் ஆசையில் பாதி அந்தச் சாயங்காலங்களிலேயே நிறைவேறியிருக்கும்.

திரும்பி வந்த அன்று கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். குளிக்க வைத்து, சாப்பாடு போட்டு, தூங்க விடுங்கள். இரண்டு நாளில் தானாகப் பேசுவார்கள். நாலு நாள் நெற்றி நிறைய விபூதியோடு திரிந்து, "நீ ஏம்மா பாடுறதில்ல?" என்று உங்களைக் கேட்பார்கள், கறிக்குழம்பு வேண்டாம் என்றுகூடச் சொல்வார்கள். சிரிக்கவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். எது தங்குமோ அது தங்கும். ஆனால் போவதற்கு முன் கலகலப்பாக இருந்த பிள்ளை ஒரு வாரம் கழிந்தும் பேசாமல் இருந்தால், தனியாகப் படுக்கப் பயந்தால், நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வந்தால், அந்த மடத்துப் பேச்சை எடுத்தாலே எழுந்து போனால், எனக்கோ உங்கள் மருத்துவருக்கோ உடனே காட்டுங்கள்.

இந்த வாரமே ஒருநாள் மடத்துக்குப் போய் வாருங்கள். மாமாவையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பொறுப்பாளரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, கழிப்பறை எந்தப் பக்கம், ராத்திரி எங்கே விளக்கு எரியும், தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று பையன் தானே சுற்றிப் பார்த்துக்கொள்ளட்டும். திரும்பி வரும்போது வண்டியில் இருவரையும் கேளுங்கள், போக ஆசையாக இருக்கிறதா என்று. ஐயா முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லச் சொல்லுங்கள்.